கிளியை எட்டவில்லை

உன் கையெழுத்துள்ள ஒட்டுத்தாள் இன்று காலை சேர்வரிலிருந்து கழன்று என் காலடியில் விழுந்தது. 'நேரத்தில் கைவைக்காதே' என்று பச்சை மையில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாய். எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கணினி அறைக்குள் வந்துபோனது நீயும் நானும் மட்டும்தான். ஆகவே அது எனக்காக எழுதியது. எழுதிய அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று பசை தடவி மறுபடியும் ஒட்டிவிட்டு, நடந்ததை உனக்குச் சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாருக்குச் சொன்னாலும் முதலில் பெரிய விளக்கம் கொடுக்க வேண்டும். உனக்கென்றால் நேரே கதைக்குள் போகலாம்.

போன மாதம் இரத்தம் எடுக்கிற பிள்ளை ஓடி வந்தாள். "அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ. ரத்தம் எடுக்க முதலே ரிசல்ட் வந்திருக்காம். டொக்டர் என்னைப் போட்டு ஏசுறார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல உன் கதிரைப் பக்கம் திரும்பினேன். அதில் இப்போது பிரிண்டர் தாள் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாதிச் சிரிப்பை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது நீ போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிக்கொண்டிருந்தது. கோயிலில் பூசை பழைய நேரத்துக்கு, கந்தோர் வேலை புது நேரத்துக்கு. யார் நேரம் சொன்னாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்பினோம். அந்தப் பழக்கத்தை நீ வேலைக்கும் கொண்டுவந்தாய். "அரை மணித்தியாலம் பிழையெண்டால் அரசாங்கத்தை ஏசு. நிமிசக் கணக்கிலை பிழையெண்டால் வாயை மூடிக்கொண்டு பதிவைப் படி" என்பாய். இது நிமிடக் கணக்கு; இரத்தம் எடுத்த நேரத்தைப் போடும் சேர்வர், முடிவு நேரத்தைப் போடும் இயந்திரத்தை விட முந்தி ஓடியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு சேர்வரின் பதிவைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி. கிளியை எட்ட முடியவில்லை. கிளியை எட்ட முடியவில்லை.

உன் இணுவில் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு நீ வைத்த பெயர் அது. மேலே தண்ணீர்த் தாங்கியோடு ஒரு அன்ரெனாவைக் கட்டி, வானத்துச் செய்மதியிலிருந்து நேரத்தைப் பிடித்து, கேட்கிற சேர்வர்களுக்கு அப்படியே திருப்பிச் சொல்லப் பழக்கியிருந்தாய். அது வந்ததும், இணையத்தில் நேரம் சொல்லும் வெளிநாட்டு மணிக்கூடுகள் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டாய். "ஒண்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாதடி" என்றேன். "என்ரை கிளி பொய் சொல்லாது" என்றாய். பொய் சொல்லாது, சரி. பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எச்சரிக்கைகூட உன் தொலைபேசிக்கு மட்டும்தான் போகும்படி வைத்திருந்தாய்.

நேரம் கேட்பதற்கு ஒருவருமில்லாத சேர்வர் நின்றுவிடுவதில்லை. தான் சரியென்று நினைத்துக்கொண்டு நாளுக்குக் கொஞ்சமாக முந்திப் போய்க்கொண்டே இருக்கும். நானும் இந்த மாதங்களில் அப்படித்தான் இருந்தேன். "உது பிழையடி" என்று சொல்ல எனக்கு ஒருவருமில்லை.

முதலில் வெளிநாட்டு மணிக்கூடுகளைத் திரும்பச் சேர்த்தேன். உன் சொல்லைத் தட்டாமல், முந்தி ஓடிய சேர்வரைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இழுத்தால் ஒரே நிமிடம் இரண்டு தரம் வரும், பதிந்ததெல்லாம் குழம்பும். மெல்ல நடக்க விட்டேன். அது சரியான நேரத்தோடு சேரும்வரை, இரத்தம் எடுத்த நேரத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கையால் எழுதச் சொன்னேன். மிச்சமிருந்தது கிளியின் வரி. செத்த மணிக்கூட்டின் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கக் கூடாது, பதிவு நாள் முழுக்கப் புலம்பும் என்பது உன் சட்டம். அழிக்கப் போனேன், விரல் போகவில்லை. இங்கே நீ இன்னும் செய்துகொண்டிருந்த ஒரே வேலை அதுதான். உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அழிப்போம் என்று, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குப் போனேன்.

அண்ணைதான் கதவைத் திறந்தார். உன்னைக் கட்டிய நாளிலிருந்து நான் அவரை அண்ணை என்றுதானே கூப்பிடுகிறேன். நன்றாக மெலிந்துவிட்டார். கூடத்தில் உன் படம், அதன் முன்னால் சிவப்பு மின்விளக்கு. விளக்கின் வயர் இறங்கிப்போய் மூலையிலிருந்த பிளக்கில் முடிந்தது. பக்கத்தில் கிளி, வயரைச் சுற்றி றப்பர் பாண்ட் போட்டு ஒழுங்காக வைத்திருந்தது.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிஞ்சு ஐயர் போனாப்பிறகு விளக்கைக் கொளுவப் பாத்தன். படத்துக்குக் கிட்ட வேறை பிளக் இல்லை. உது ஏதோ சார்ஜராக்கும் எண்டு கழட்டினன். ஏன் பிள்ளை, பிழையே?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அவர் உள்ளே போய் உன் தொலைபேசியை எடுத்து வந்தார். "வந்தது நல்லதாப் போச்சு. இதுக்கு ஒரே மெசேஜ். கிளியை எட்டேல்லை, கிளியை எட்டேல்லை எண்டு. ஆர் அனுப்பீனம், என்ன கிளி, ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் இவளைத் தேடி இன்னும் ஏதோ வருகுது எண்டிட்டு, நாளாந்தம் சார்ஜ் போட்டு வைச்சிருக்கிறன்."

மெல்ல விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுச் சந்திக் கடைக்குப் போய் மல்ரிபிளக் ஒன்று வாங்கி வந்தார். விளக்கையும் கிளியையும் பக்கத்தில் பக்கத்தில் அவரே கொளுவினார். கொஞ்ச நேரத்தில் கிளியின் பச்சை வெளிச்சம் மினுங்கியது.

"அப்ப இனி மெசேஜ் வராதோ?"

"வராது அண்ணை. எல்லாம் சரியெண்டால் அது ஒண்டும் சொல்லாது."

"ஓம், அது நல்லதுதானே" என்று தொலைபேசியைச் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். கோண்டாவில் தாண்டும்வரை நான் அழுதுகொண்டுதான் ஸ்கூட்டர் ஓடினேன்.

சேர்வர் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டு மணிக்கூடுகள் வரிசையாக இருந்தும், தான் நம்புகிற மணிக்கூட்டின் பெயருக்குப் பக்கத்தில் போடும் நட்சத்திரக் குறியை அது கிளிக்குத்தான் போட்டிருக்கிறது. உனக்குத் தலைக்கனம் கூடிவிடும், பரவாயில்லை. எச்சரிக்கை இப்போது எனக்கு வருகிறது. ஆனால் தினமும் காலையில் பதிவைப் படித்து முடித்ததும், உன் எண்ணுக்கு நானே ஒரு வரி தட்டி அனுப்புகிறேன். 'கிளி கதைக்குது.' அந்த எண்ணுக்கு என் தொலைபேசியில் இருக்கும் பெயரை நான் மாற்றவில்லை. பதில் வந்ததுமில்லை, நான் எதிர்பார்த்ததுமில்லை.

இன்று உன் ஒட்டுத்தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி வெளிச்சம் போட்டது. திரையில் உன் பெயர். ஒட்டுத்தாளிலிருந்து கையை எடுத்து அதைத் திறந்தேன்.

'ஓம் பிள்ளை. விளக்கும் எரியுது.'