"லோடு இல்ல" என்றான் சேவியர்

1971 ஆகஸ்ட் 12, வியாழன்

இன்று காலை திருவொற்றியூர் தொழிற்சாலையின் மின்கூடத்தில் செத்துப் பிழைத்தேன். சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொள்ளும் சேவியர், "லோடு இல்ல மாமு, எல்லாம் ஆஃப் பண்ட்டேன், நீ இழு" என்றான். நம்பி, மின்பாதையைப் பிரிக்கும் கைப்பிடியை இழுத்தேன். லோடு இருந்தது; மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிரிந்த தகடுகளுக்கு நடுவே காற்றே பற்றிக்கொண்டது. ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வெள்ளையும் நீலமுமாக வளைந்து நின்று உறுமியது. தகடு விலக விலக அதுவும் நீண்டதே தவிர அறுபடவில்லை. சேவியர் ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் அடங்கியது. என் இடது கை வெந்துவிட்டது.

மதியம் என்ஜினீயர் விசாரித்தபோது, "நான் ஒண்ணும் சொல்லல சார், அவனாத்தான் இழுத்துட்டான்" என்றான் சேவியர். அவன் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் நான். எனக்கு சஸ்பென்ஷன்.

மாலையில் தீப்புண் மருந்தோடு வீட்டுக்கு வந்தான். என் மனைவி எதிரிலேயே கேட்டேன்: "நீ சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன் மாமு. ஆனா அங்க சொல்ல மாட்டேன். எனுக்கு வேலை போனா வூட்ல நாலு வாயி கீது."

என் வீட்டில் மட்டும் வாய் இல்லையா? மருந்தை அவன் முகத்திலேயே எறிய நினைத்தேன். கை எரிச்சல் தாங்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.