கிழக்குச் சுவரில் உடைத்த சன்னல்

விளாங்குடி
ஈசுவர வருஷம், மாசி மாதம் 12ந் தேதி

கொழும்பிலிருக்கும் என் மகன் சங்கிலிக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் ஐயாவும் உடம்புக்குச் சுகந்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கணும். எப்பவும் உன் தங்கச்சி செல்லக்கிளி கையால் வருகிற காகிதம் என் கோணல் எழுத்தில் வந்திருக்கிறதே என்று பயந்திருப்பாய். உயிருக்கு ஒன்றும் இல்லையப்பா.

எட்டாங்கிளாஸ் பரீட்சைக்கு அவள் படிக்க வீட்டில் தனி இடம் வேணும், வெளிச்சம் இடது கைப்பக்கம் விழணும், ஆட்டுரல் சத்தம் கேட்கக்கூடாது என்று நீ எழுதியதை ஒன்று விடாமல் செய்தோம். பருத்தி அடைத்திருந்த உள்ளறையை ஒழித்து, ஐயாவே கடப்பாரையால் கிழக்குச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார், பழைய வண்டிப் பலகையை இழைத்து மேசை போட்டார். விடிந்ததும் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் நாளாக ஆகத் தலை குனிந்து மூக்கு புத்தகத்தில் முட்டுகிற மாதிரி ஆச்சு. இம்புட்டும் செய்து கொடுத்தும் தூங்கி வழிகிறாளே என்று நான் பாவி ரெண்டு தடவை தலையில் குட்டினேன், தலையைத் தடவிக்கொண்டு மறுபடியும் குனிந்துகொண்டாள் அந்தப் பிள்ளை. போன செவ்வாய்க்கிழமை கஞ்சி கொண்டுபோனேன், பூகோளப் பாடத்தை மளமளவென்று சொல்லிக்கொண்டிருந்தாள், முன்னால் விரித்துக் கிடந்தது கணக்குப் புத்தகம். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே உட்கார்ந்து கேட்டேன். ஆடி மாசத்திலிருந்தே எழுத்து மங்கிப்போச்சாம், கூடப் படிக்கிற முத்துத்தாய் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். போன காகிதத்தில் வரி மேலும் கீழும் போகிறது என்று நீ கேலி பண்ணினாயே, அதுவும் கைப்பழக்கத்தில் எழுதினதுதானாம். ஏன்டி சொல்லலை என்றதற்கு, "சன்னல் வச்சா வெளிச்சத்துல தெரிஞ்சிரும்னு இருந்தேம்மா" என்றாள்.

டவுனில் கண் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு பட்டுப்போச்சு, கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை, இருக்கிற பார்வையும் கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து ஐயா காட்டு வேலைக்குப் போகவில்லை, சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருக்கிறார். எந்தச் சாமியிடம் போய் முட்டிக்கொள்ள என்று எனக்கும் தெரியவில்லை. மேசையை எடுத்துவிடவா என்று கேட்டேன், கிடக்கட்டும் என்றாள். இப்பவும் காலையில் போய் உட்காருகிறாள், புத்தகம் எடுப்பதில்லை.

அண்ணனுக்கு மட்டும் எழுதிராதே, அது அங்கே தனியா இருக்கு என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வயித்துக்குள்ளேயே வைத்திருக்க முடியாமல்தான் எழுதுகிறேன். நீ மனசை விட்டுவிடாதே ராசா, பாண்டி முனி உனக்குத் துணை இருக்கட்டும். இதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவள் பேருக்கு ஒரு காகிதம் போடு, படிப்பைப் பற்றிக் கேட்காதே. எழுத்தை மட்டும் பெரிசு பெரிசாக எழுது. இருக்கிற பார்வைக்கு உன் எழுத்தையாவது அவளே வாசிக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
சீனியம்மாள்