செவலைக்குப் பிஸ்கட் போடாதீர்கள்

வாசலில் இன்னும் பிஸ்கட் வாசனை அடிக்கிறது. டீயில் தோய்த்துத் தின்ன உனக்குப் பிடித்த அதே பால் பிஸ்கட். எனக்கு இன்று அது மூக்கில் ஏறினாலே எரிகிறது.

நீ கண்ணை மூடும்போது என்னிடம் விட்டுப்போன உன் நாய் செவலைக்குப் பத்து நாளாக உடம்பு சரியில்லை. வாந்தி, ரத்தமாகப் பேதி. ஆட்டோவில் தூக்கிப்போய் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினேன். "கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க. வேற எது போனாலும் வயிறு தாங்காது" என்றார் மாட்டு டாக்டர். கரண்டியால் புகட்டிப் புகட்டி, நேற்றுத்தான் தானாக நக்கிக் குடித்தது.

இன்று பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்கள் நம் அடி அண்ணாமலை வழியாகத்தானே போகவேண்டும். நாயைக் கண்டால் பைரவர் என்று பிஸ்கட் போடுவார்கள். உள்ளே கட்டினால் கூரைத் தகர ஷீட் வெக்கையில் செவலைக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் வாசல் நிழலில் படுக்கவைத்து, மேலே ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன்: "நாய்க்கு உடம்பு சரியில்லை. பிஸ்கட் போடாதீர்கள்."

மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. காலை முழுக்க எழுதினேன். ஒரு பிழை இல்லை. தள்ளி நின்று நான்கு தடவை படித்துப் பார்த்தேன். நீ பார்க்கவில்லையே என்று இருந்தது.

நாம் சேர்ந்து இளநீர் விற்ற நாளில் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாயே, அப்போது சொல்வாய்: "எழுதிப் போட்டுட்டா யாரும் மீற மாட்டாங்கடா." இப்படியா ஒருவனை ஏமாற்றுவது?

கஞ்சி எடுக்க உள்ளே போய் வருவதற்குள், கண்ணாடி போட்ட ஒருவர் அட்டைக்கு நேர் கீழே குனிந்து பாக்கெட்டைக் கொட்டிவிட்டார். செவலை இரண்டை விழுங்கிவிட்டது.

"போர்டு வச்சிருக்கனே, பாக்கலையா?"

"பைரவருக்குத்தான போட்டேன் பெரியவரே. புண்ணியம்."

"என்னங்க படிச்சிருக்கீங்க?"

"எம்.காம்."

"நான் மூணு மாசந்தான் படிச்சேன். எனக்கே அது படிக்க வருதே."

கூட வந்த அவர் மனைவி, "கேக்கறாரில்ல, சொல்லுங்க" என்றார். அவர், "ஒரு நாய்க்கு ஜாஸ்தியா பேசறாரு" என்று முனகிக்கொண்டே நடந்துவிட்டார்.

சற்று நேரத்தில் செவலை எல்லாவற்றையும் வாந்தி எடுத்தது. உடம்பு நடுங்கியது. மடியில் போட்டு ஈரத்துணியால் வாயைத் துடைத்தேன். நல்லவேளை, ரத்தம் இல்லை. இப்போது மறுபடி இரண்டு கரண்டி கஞ்சி உள்ளே போயிருக்கிறது.

வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அதோ இன்னொருவர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே வருகிறார். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். யாருடைய புண்ணியத்துக்கும் இதைக் கொடுக்க மாட்டேன்.