பாறணை இல்லாத விரதம்

இன்று காலை குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகில் ஏறியதும் ஓடிக்கொலோன் மணந்தது. முன்னுக்கு இருந்த ஒரு பெண் கைலேஞ்சியில் ஊற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நீர்தான் என்று நினைத்து எழும்பப் பார்த்தேன். பிறகு அப்படியே இருந்துவிட்டேன். உமக்கும் கடல் ஒத்துவராது. கரையில் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள், படகு அசையத் தொடங்கினால் சாமி கும்பிடுகிறவர் மாதிரி அடங்கிவிடுவீர். இன்றைக்குச் சோளகக் காற்று வேறு. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனால் எனக்குப் பயம் கடலில் இல்லை.

கோமதியை நினைத்துத்தான் பயம். எங்கள் ஆய்வில் எவருடைய சொந்தப் பெயரையும் எழுதக்கூடாது என்பதால் அவளுக்கு நீர் வைத்த பெயர் அது. "இந்தக் காலத்திலை ஒருத்தரும் பிள்ளைக்கு வைக்காத பேர். ஆரும் கண்டுபிடிக்க மாட்டினம்" என்று சிரித்தீர். நேற்று அவளுடைய பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், பிள்ளை ஓடிக்கொண்டிருக்கேக்கை விழுந்திட்டுது. தாய் விரதக் களை எண்டுறா. எனக்கெண்டா அப்பிடித் தெரியேல்லை." அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் இந்த ஆய்வைத் தொடங்கியபோது எவ்வளவு துள்ளினோம். தீவுப் பகுதி விளையாட்டு வீரர்களின் மனநலம். நான் பல்கலைக்கழகத்து ஆள். நீர் ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளர், அதற்கு முன்னர் வலைப்பந்தில் மாகாண அணி வரைக்கும் போனவர். என்னிடம் கேள்விக்கொத்து இருந்தது, உம்மிடம் வாய் இருந்தது. புங்குடுதீவில் கரப்பந்தாட்டப் பொடியன்களிடம் நான் கேள்விக்கொத்தை நீட்ட, நித்திரை வருகிறது, மனம் நல்லாயிருக்கிறது என்று எல்லோரும் ஒரேமாதிரிப் புள்ளடி போட்டுத் தந்துவிட்டுப் பந்தை எடுக்க ஓடினார்கள். நீர் அவர்களோடு மைதானத்து ஓரத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு இருந்தீர். பாதிப் பார்சல் முடிய முன்னரே ஒருவன் வீங்கிய முழங்காலைக் காட்டி, இனி விளையாட ஏலாது என்றால் தனக்கு எழும்பி முகம் கழுவவே மனம் வராது என்று அழுதான். "ஒண்டாச் சாப்பிட வேணும். அப்பதான் ஆளைத் தெரியும்" என்பீர். அதை ஆய்வு முறையியலில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நெடுந்தீவுக்கு முதல்முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை. கோமதி ஐயாயிரம் மீற்றர் ஓடுகிறவள். தேசிய மட்டத்துக்குத் தெரிவாகியிருந்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவள் குசினிக் கதவோடு நின்றாள். "நீயும் இரன் பிள்ளை" என்றீர். தாய்தான் பதில் சொன்னார், முகமெல்லாம் பெருமையோடு: "அவ விரதம். தேசிய மட்டத்திலை வெல்லோணும் எண்டு நயினை அம்மனுக்கு நேர்த்தி." நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். விரதமிருக்கிற பிள்ளையைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா இருவரும். கடவுள் நம்பிக்கை வீராங்கனைக்கு மனப்பலம் தருகிறது என்று நான் குறிப்பில் எழுதவும் செய்தேன்.

திரும்பி வருகிற படகில், அதிசயமாக, நீர் கைலேஞ்சியை எடுத்துவிட்டுக் கதைத்தீர்.

"வெள்ளி விரதம் சரி. செவ்வாயும் விரதம் எண்டு தாய் சொன்னவ. சனியும் விரதமாம். அப்ப எப்ப பாறணை, எப்ப விரதம் முடிச்சுச் சாப்பிடுறது?"

"நேர்த்தி முடியத்தானே பாறணை" என்றேன்.

"இல்லையப்பா. கந்தசட்டி பிடிக்கேக்கை எங்கடை நினைப்பு முழுக்க எங்கை கிடக்கிறது? பாறணைச் சோத்திலை. எத்தினை கறி, என்ன பொரியல் எண்டு. விரதக்காரருக்கு வாயூறும். அந்தப் பிள்ளை எங்களுக்குச் சோறு போடேக்கை அதின்ரை முகத்தைப் பாத்தனீரோ? அது சோத்துக்குப் பயப்பிடுது."

 

இரண்டாம் முறை போனபோது வீட்டுக்குப் பின்னால் கல்வேலி ஓரமாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா கேட்பதுபோலக் கேட்டீர்: "பாறணைக்கு என்ன சமைக்கச் சொல்லப்போறாய்?" அவள் முதலில் குசினிப் பக்கம் பார்த்தாள். தாய் கேட்கிற தூரத்தில் இல்லை என்று கண்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"பாறணை வந்திடும் எண்டுதான் அக்கா எனக்குப் பயம்."

பிறகு எல்லாம் வந்தது. உடம்புப் பாரம் குறைந்தால் ஓடி முடிக்கிற நேரமும் குறையும் என்று ஒரு பயிற்சி முகாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் தொடங்கினாள். இப்போது ஓட்டத்துக்காகவும் இல்லை, விட ஏலாமல் கிடக்கிறது என்றாள். விரதம் என்று சொன்னால் வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், மாறாக மெச்சுவார்கள். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று உம்முடைய கையைப் பிடித்தாள். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய வெளியே சொல்லமாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்கள். "நீயாச் சொல்லுற நாள் வரும். அதுவரைக்கும் நாங்கள் வந்துகொண்டிருப்பம். நீ கிளினிக்குக்கு மட்டும் வந்திடு" என்றீர். தலையை ஆட்டினாள். 

அந்தக் கிளினிக் நாளுக்கு நீர் இருக்கவில்லை. காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தீர். இதயம் பல வருடங்களாகவே பலவீனப்பட்டிருந்தது என்று மட்டும் டொக்டர் சொன்னார். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது என்னண்டு வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். செத்தவீட்டில் உம்முடைய அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "என்ரை பிள்ளை விளையாடுற காலத்திலையிருந்து ஒரு விரதம் விட்டதில்லை. ஏதோ ஒரு சாமிக்கு எந்த நாளும் விரதம். அந்தச் சாமியள் ஒண்டுகூட என்ரை பிள்ளையைப் பாக்கேல்லையே."

 எத்தனை மைதானத்தில் பார்சல் பிரித்தோம். நீர் சோற்றை அளைந்ததைக் கண்டேன், பொரித்த மீனை என் பக்கம் தள்ளியதைக் கண்டேன். "கடல் பிரட்டுது, நீர் சாப்பிடும்" என்பீர். படகே ஏறாத நாளிலும் உமக்குப் பிரட்டியது. பாறணையைப் பற்றிய அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நீர் உம்மிடமிருந்துதான் எடுத்திருக்கிறீர். நீரும் ஒரு கோமதி. எனக்கு உம்மில் கோபம், கட்டுக்கடங்காத கோபம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாயைத் திறக்கப் பழக்கியவருக்கு, பக்கத்துக் கதிரையில் இருந்த என்னிடம் ஒரு சொல் சொல்ல ஏலாமல் போய்விட்டதே.

கோமதியும் கிளினிக்குக்கு வரவில்லை. தொலைபேசியில் எடுத்துக் கேட்டபோதெல்லாம் "வாறன் அக்கா" என்றாள். நீர் இறந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று நெடுந்தீவு மாவலித்துறையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். பிள்ளை கட்டிலில் கிடந்தாள். வெளியே வெயில் எரிக்க, உள்ளே போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கையைத் தொட்டேன், ஐஸ். நாடி அவ்வளவு மெதுவாக அடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உயிருக்கு ஆபத்து என்கிற இடம் வந்துவிட்டது, இனி நான் தாயிடம் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் இந்தப் பிள்ளை இனி ஒருவரையும் நம்பாது.  தாய் தேத்தண்ணியோடு வந்து காலடியில் நின்றார்.

"மற்ற அக்கா வரேல்லையோ?" என்று கேட்டாள் கோமதி.

"இல்லை."

"எப்ப வருவா?"

"அவ செத்துப்போனா, பிள்ளை."

கண்ணை விரித்துப் பார்த்தாள். "என்னத்தாலை?"

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. எந்த அறிக்கையிலும் அப்படி இல்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதவள் நான். ஆனாலும் சொன்னேன்: "சாப்பிடாமல். அவவும் உன்னைப்போலை விளையாடின ஆள். அவவும் எல்லாருக்கும் விரதம் எண்டுதான் சொன்னவ."

அவள் போர்வையைத் தலைவரை இழுத்தாள். பிழை செய்துவிட்டேன், இந்தப் பிள்ளையை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். தாய் ஒன்றும் விளங்காமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோமதி மெல்ல எழும்பிச் சுவரில் சாய்ந்து இருந்தாள்.

"அம்மா," என்றாள். "இது விரதமில்லை அம்மா."

தீவு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். வருகிற வழியெல்லாம் தாய் அவளை மடியில் போட்டிருந்தார், ஏசவில்லை. இப்போது யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவளுடைய விடுதிக்கு வெளியே வாங்கில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். உள்ளே அவளுக்கு ஏதோ கருவி பூட்டியிருக்கிறார்கள். இரவு தாண்டட்டும், பிறகு கதைப்போம் என்கிறார் டொக்டர். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் எழும்பி நிற்கிறேன்.

ஒருவரின் கதையை வெளியே சொல்ல முன்னர் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குவது எங்கள் ஒழுங்கு. உம்முடைய கதையை நான் கேட்காமலேயே எடுத்துச் சொல்லிவிட்டேன். ஊர்காவற்றுறையில் இதேமாதிரி இன்னொரு பிள்ளை இருக்கிறாள், வேலணையில் ஒருத்தி. அவர்களிடமும் போவேன், பயந்து பயந்துதான் போவேன், உம்முடைய கதையைத்தான் சொல்லப்போகிறேன். பிடிக்கவில்லையென்றால் வந்து ஏசும்.