பெட்டிக்கு வெளியே இருந்தவள்

மார்ச் 3

இன்னொரு கடைவாய்ப்பல் விரிசல் விட்டுவிட்டது. இரண்டு வருஷத்தில் இது இரண்டாவது. பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் தேய்ஞ்சு தட்டையா இருக்கு. தூக்கத்துல அப்படி யாரைப் போட்டு மெல்லுறீங்க?" என்றார். "எதிர்க்கடைக்காரனை" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், காதுவரை வலித்தது.

தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருகிறாராம். "மனசுல ஏதாவது பாரம் இருக்கா?" என்றும் கேட்டார். பாரமெல்லாம் குடோனில்தான் இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்கு வந்து நின்றபடியே நாலு நிமிடத்தில் சாப்பிட்டேன். வலது பக்கம் மெல்ல முடியவில்லை. வயிறு வழக்கம்போல எரிந்தது.

மார்ச் 7

குட்டிக்குப் புது வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார்கள். குட்டி என்றால் என் தங்கை, நாற்பத்தெட்டு வயதுக் குட்டி. எனக்கும் நாற்பத்தெட்டுதான். இரட்டையரில் நான் பத்தொன்பது நிமிடம் மூத்தவள்.

நாங்கள் பிறந்த கதை எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்லுவாள். முதலில் பெரியவள் வந்தாளாம், ஆஸ்பத்திரியே அதிர அழுதாளாம். அப்புறம் சின்னவள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். ஐம்பத்து மூன்று நாள் அம்மா வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தாள். பெட்டியின் துளைக்குள் கையை விட்டு ஒரே ஒரு விரலால் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பாளாம். இந்த இடம் வரும்போது கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

அந்தக் கதையில் எனக்கு ஒரே ஒரு வரி. "பெரியவளை எங்க அக்கா வீட்டுல விட்டிருந்தோம், அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருந்தா." கல்லு என்பது என் பெயராகவே நின்றுவிட்டது.

குட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே திடீர் திடீரென்று மூச்சு அடைக்கும். லிஃப்டில் ஏறமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கமாட்டாள். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று, நுரையீரலில் ஒன்றும் இல்லை. இப்போது ஒரு அம்மாள் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, உட்கார வைத்துப் பேசியும் பார்க்கிறாராம். பிறந்தபோது பட்ட பயம் உடம்பில் தங்கியிருக்கலாம், சரி செய்யலாம் என்கிறாராம். குட்டி போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

கேட்டதும் எனக்கு இரக்கம் வரவில்லை. பொறாமை வந்தது. எழுதிவிடுகிறேன், இங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? மூச்சு முட்டுகிற ஒருத்தியைப் பார்த்து, நன்றாக மூச்சு விடுகிற ஒருத்தி பொறாமைப்படுகிறாள்.

மார்ச் 8

அவள் வியாதிக்கே ஒரு கதை இருக்கிறது. என் பல்லுக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 15

மூச்சம்மா (நான் வைத்த பெயர்) சொல்லிவிட்டாராம்: அம்மா பக்கத்தில் இல்லாமல் குட்டி தனியாகத் தூங்கிப் பழக வேண்டும். அம்மா சில வாரம் வேறு எங்காவது இருப்பது நல்லது.

கடையில் எனக்குக் கால் தரையில் படவில்லை. கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று அறை கட்டி இரண்டு வருஷமாகிறது. தெருவைப் பார்க்க ஜன்னல், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, தாழ்வான கட்டில். அதில் இதுவரை மொத்தம் மூன்று இரவுதான் தங்கியிருக்கிறாள். கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில், குட்டிக்கு மூச்சு வாங்கினால் யார் பார்ப்பது என்று. இப்போது அந்தப் பதில் போயிற்று. நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

பெட்டி கட்டியிருந்தாள். ஆனால் எனக்காக இல்லை. மாமா வீட்டுக்குப் போகிறாளாம். மாமா வீடு மூன்றாவது மாடி, படி ஏறவே அவளுக்கு முட்டி தாங்காது.

"அவ்வளவு தூரம் எதுக்கும்மா? நான் உயிரோடதானே இருக்கேன்?"

"உனக்கு எதுக்குத் தொந்தரவு? உனக்குத்தான் யாரும் வேண்டாமே."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"சொல்லணுமா? பொறந்ததுலேர்ந்து பாக்குறேன்."

குட்டி நடுவில் வந்து, "அக்கா, கத்தாதே, எனக்குப் படபடங்குது" என்றாள். உடனே அம்மா அவள் முதுகைத் தடவப் போய்விட்டாள். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் முதுகை நானே தடவிக்கொள்ள முடியாது, கை எட்டாது.

மார்ச் 16

மாமாவைக் கொண்டுபோய் விட்டது யார்? இல்லை, அம்மாவை. எழுதும் கையே தடுமாறுகிறது. மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். பெட்டியை மூன்று மாடி தூக்கியதும் நான்தான்.

மார்ச் 22

இருபத்தொன்பது வருஷமாக ஜிப், பொத்தான், எலாஸ்டிக் விற்கிறேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தையல்காரர் வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் ஆரம்பித்தது. நிறம் மட்டும் தப்பாகக் கொடுத்ததில்லை. விளக்கு வெளிச்சத்தை நம்பமாட்டேன், வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்துத்தான் வெட்டுவேன். இன்று பள்ளிச்சீருடை தைக்கிறவருக்குக் கருநீலத்துக்குப் பதில் கறுப்பு போய்விட்டது. முந்நூறு ஜிப். திரும்பி வந்து, மேஜைமேல் போட்டு, "என்ன முதலாளியம்மா, கண்ணாடி மாத்தணுமா?" என்றார்.

வாசலுக்குப் போய்த்தான் பார்த்தேன். ஜிப்பைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மாமா வீட்டு மாடியைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்கம்மா வழக்குல என்னை ஜட்ஜாக்காதே, ரெண்டு பக்கமும் திட்டு வாங்க என்னால முடியாது" என்று பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

மார்ச் 29

இதைச் சரியாக எழுத வேண்டும்.

மூச்சம்மா அம்மாவையும் வரச்சொல்லியிருந்தார். நான் வண்டி ஓட்டப் போனவள். வெளியே உட்காருகிறேன் என்றேன், உள்ளே வாங்க என்று அவரே கூப்பிட்டார். அறையில் மூன்று நாற்காலிதான். எனக்கு வெளியிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. சரிதான், என் இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நினைத்த மாதிரி அவர் பெரிய மேதாவித்தனம் காட்டவில்லை. ஐம்பது வயதிருக்கும், கையில் பழைய நோட்டு. அம்மாவைப் பார்த்து, "ரெண்டு பேரும் பொறந்ததை நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமா? கொடி, நீலம், பெட்டி, துளை, ஒரு விரல். குட்டி கண்ணைத் துடைத்தாள். நான் ஜன்னலில் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவளை எங்க அக்கா வீட்டுல விட்டிருந்தோம், அவளுக்கென்ன..."

"ஒரு நிமிஷம்மா" என்றார் மூச்சம்மா. "இவங்க அங்க எத்தனை நாள் இருந்தாங்க?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "யாரு?"

"இவங்க. பெரியவங்க."

"அதே அம்பத்து மூணு நாள்தான். நான் அங்கே இருந்தேனே, இவ எங்க போவா?"

"பால்?"

"டப்பாப் பால்தான்."

"தூக்கி வச்சுக்க ஆள் இருந்ததா?"

அம்மா கையைப் பிசைந்தாள். "அக்காவுக்கு நாலு பிள்ளைங்க. பாவம், அவளும் என்ன பண்ணுவா? துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்துப் பாட்டிலை வாயில வச்சிட்டு வேலையைப் பாப்பாளாம். இவ சமர்த்தா தானே குடிச்சுக்குவாளாம். அழவே மாட்டாளாம்."

"அழுது யாரும் வரலைன்னா குழந்தைங்க அழுறதை நிறுத்திடும். அதைச் சமர்த்துன்னு சொல்லிடுவோம்" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கதையை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அந்த வரியில் யாருமே நின்றதில்லை. நானும் நின்றதில்லை.

பல்லைச் சொன்னேன். வயிற்றைச் சொன்னேன். யாராவது பின்னாலிருந்து தொட்டால் உடம்பு விறைத்துப்போவதைச் சொல்லவில்லை. அதெல்லாம் இதனால்தானா என்று வியாபாரி மாதிரியே கேட்டேன். "நிச்சயமா சொல்ல முடியாது. பல்லுக்குப் பல் டாக்டர், வயித்துக்கு வயித்து டாக்டர், போறதை நிறுத்தாதீங்க. ஆனா இந்தக் கேள்வியை உங்ககிட்ட யாராவது கேட்டிருக்கணும்" என்றார்.

கடையில் சரக்கு இறங்குகிறது என்று எழுந்துவிட்டேன். சரக்கு ஒன்றும் இறங்கவில்லை.

ஏப்ரல் 1

கோபம்தான் வருகிறது. என்னைப் பற்றி முதன்முதலில் ஒருவர் கேட்டார், அதுவும் குட்டியின் நேரத்தில், குட்டியின் டாக்டர், குட்டியின் அறையில். இதிலும் நான் அவள் தயவில்தானா? என்னை என் பாட்டுக்குக் கல்லாகவே விட்டிருக்கலாம். கல்லுக்கு ஒரு கௌரவமாவது இருந்தது.

குட்டி போன் செய்தாள். "அக்கா, எனக்கு ஒரு விரலாவது இருந்தது. உனக்கு அதுவும் இல்லை, இல்ல?" என்றாள். போனை வைத்துவிட்டேன். இவள் ஏன் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்?

ஏப்ரல் 6

பதினொரு மணிக்கு எலாஸ்டிக் அளந்துகொண்டிருந்தபோது அம்மா கடை வாசலில் நின்றாள். மூன்று மாடி இறங்கி, இரண்டு பஸ் மாறி, தனியாக. என் கடைக்குத் தானாக வந்தது இதுதான் முதல் தடவை. நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அம்பத்து நாலாம் நாள் உன்னைத் தூக்கிட்டு வரப் போனேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நான் தூக்கினதும் நீ போட்ட கூச்சல் இருக்கே! கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டே. முகத்தைத் திருப்பி எங்கக்காவைப் பாத்தே. அவ வாங்கினதும் கப்புன்னு நிறுத்திட்டே."

"ரெண்டு மாசக் குழந்தைம்மா நான்."

"தெரியுது. இப்பத் தெரியுது. அன்னைக்கு எனக்கு இருபத்து நாலு வயசு. மூணு நாள் என்கிட்டப் பால் குடிக்கலை நீ. 'இவளை என்கிட்டயே விட்டுடேன்'னு எங்கக்கா சிரிச்சிக்கிட்டே சொன்னா. எனக்கு அடிவயிறு பத்திக்கிச்சு. பிடுங்கிட்டு வந்துட்டேன். ஆனா அப்புறம் உன்னைத் தூக்கவே பயம். நீ அழுதா, எங்கக்காவுக்காகத்தான் அழறியோன்னு தோணும். விட்டுட்டா நீ பேசாம இருந்துக்குவே. சரி, இவளுக்கு நான் வேண்டாம்னு..."

"என்மேல ரோஷப்பட்டியா?"

"உன்மேல கொஞ்சம். எங்கக்காமேல நிறைய." டம்ளரைக் கீழே வைத்தாள். "அவ செத்த அன்னைக்கு நீ அழுதே பாரு, அப்படி நான் செத்தா அழமாட்டியேன்னு நினைச்சேன். பொணத்துக்குப் பக்கத்துல நின்னு பொறாமைப்பட்டேன். என்னைப் போல ஒருத்தி உண்டா?"

உண்டு என்று சொல்ல வந்தேன். அதற்குள் பொத்தான் வாங்க ஆள் வந்துவிட்டது. நல்லவேளை. முகம் எப்படியிருந்தது என்று தெரியவில்லை, வந்தவர் இரண்டு நிமிடம் காத்திருக்கிறேன் என்று தானாகவே சொன்னார்.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 10

நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. விருந்தாளி மாதிரி பேசிக்கொள்கிறோம். "டீ போதுமா?" "போதும்." "ஃபேன் வேணுமா?" "இருக்கட்டும்." ஒரு நாளைக்கு நாற்பது தடவை குட்டிக்கு போன். அம்மா அறையைத் தாண்டும்போது என் காது தானாக நீளுகிறது. சாப்பிட்டாயா, மூச்சு எப்படி இருக்கிறது. மேஜையில் எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன சொல்லியிருப்பேன்? ஆச்சு என்றுதான்.

ஏப்ரல் 14

கேட்டாள். ஆச்சு என்றேன். "பொய் சொல்றே" என்று தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "உக்காந்து சாப்பிடு, யாரும் பிடுங்கிக்கப் போறதில்லை."

ஏப்ரல் 19

கடைக்கு விடுமுறை. மத்தியானம் கூடத்து சோபாவிலேயே கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது தாடைமேல் ஒரு கை. உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டது, மரப்பலகை மாதிரி. அம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஐம்பத்து நாலாம் நாளும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தெரிந்தது.

"எடுக்காதே" என்றேன்.

"நீதான் விறைக்கிறியே."

"அது அப்படித்தான் இருக்கும். நீ பாட்டுக்கு வை."

வைத்தாள். சரியாக எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. பிறகு எரிச்சல். பிறகு தெருவில் யாரோ வாளி உருட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை, தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 21

மூச்சம்மாவிடம் எனக்கென்று தனியாக நேரம் வாங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில். குட்டிக்கு வியாழன்.

மே 4

குட்டி போன் செய்தாள். பதினைந்து நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தூங்குகிறாளாம். நேற்று லிஃப்டில் இரண்டு மாடி ஏறினாளாம். வாயார மெச்சினேன், மெய்யாகவே மெச்சினேன். பிறகு அவளே பேச்சை மாற்றினாள்.

"அம்மா என்ன பண்றா?"

"கடையில உக்காந்து ஹூக்கை அட்டையில குத்துறா. தையல்காரங்களோட பேரம் பேசி என் பேரைக் கெடுக்கிறா."

"என்கிட்ட இப்பல்லாம் ரெண்டு தடவைதான் பேசுறா."

"அப்படியா?"

"உன்கூட ரொம்ப ஒட்டிக்கிட்டாளோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வருஷம் நான் சிரித்த சிரிப்பு. "எப்பக்கா அனுப்புவே?"

பாவமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு பொத்தானை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துத் தையல்காரரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடுறேன்" என்றேன்.

எந்த ஞாயிறு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.