ஒரு பூனை உறைக்கு மூன்று விசாரணைகள்

அனுப்புநர்:
சுடுதண்ணீர்ப் பைக்குத் துணி உறை தைத்து இணையத்தில் விற்பவர்
(மூன்று பதிவு எண்களும் இணைப்பில்)

பெறுநர்:
இணைய விற்பனை வரி அலுவலர் அவர்கள்

பொருள்: ஒரே ஆள் மூன்று வியாபாரிகளாகப் பதிவானது – மூவரையும் ஒரே நேரத்தில் விசாரணைக்கு அழைத்தது – ஒருவராக்கித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் தைப்பது ஒரே ஒரு பொருள்தான். பூனை வடிவக் கம்பளி உறை. கண்ணுக்கு இரண்டு பொத்தான், இடுப்பைச் சுற்றிக் கட்ட இரண்டு நீளக் கை, சுடுதண்ணீர்ப் பையை நுழைக்க முதுகில் ஒரு திறப்பு. முதல் உறையை என் கணவருக்காகத் தைத்தேன். சுமை ஏற்றும் வேலையில் இடுப்பில் அடிபட்டு அவர் ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பூனையால்தான்.

2. இணைய விற்பனைக்குப் புது வரிச் சட்டம் வந்தது. வாங்குபவரின் ஊரையும் பொருளின் வகையையும் பொறுத்து வரி மாறுமாம். வரிக் கணக்கை மென்பொருள் வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். மறுவாரமே மென்பொருள் கம்பெனிகள் ஈசல் மாதிரி கிளம்பிவிட்டன. அதில் ஒன்று என் கொழுந்தனுடையது. என் தையல் மெஷின் இருந்த முன்னறையில்தான் அது நடக்கிறது. மெஷின் அடுப்படிக்குப் போய்விட்டது. "அண்ணி, இந்தச் சட்டம் யாருக்கும் புரியலை. அதனாலதான் நமக்கு வேலை" என்றான் அவன். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

3. தவறு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துணியை வெட்டும் முன் மூன்று தடவை அளந்து பார்ப்பது என் தொழில் வழக்கம். அதேபோல் மூன்று கம்பெனிகளின் மென்பொருளையும் இலவச மாதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்று, பொருளுக்குக் கண் உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன். பொம்மை என்றது. இன்னொன்று, கை உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன். ஆயத்த ஆடை என்றது. கொழுந்தனுடையது, வலிக்கு உதவுமா என்று கேட்டது. உதவும் என்றேன். மருத்துவப் பொருள் என்றது. ஐயா, நான் எதிலும் பொய் சொல்லவில்லை. அளக்கிறேன் என்றுதான் நினைத்தேன்; அவை வெட்டியே விட்டன. 'தொடங்கு' என்பதை அழுத்தியதுமே ஒவ்வொன்றும் என்னை வரி அலுவலகத்தில் ஒரு தனி வியாபாரியாகப் பதிவு செய்திருக்கிறது.

4. இப்போது மூன்று அறிவிப்புகள் வந்துள்ளன. ஒரே பூனையின் படத்தை மூன்று வியாபாரிகள் பயன்படுத்துவது ஏன் என்று விளக்க வேண்டுமாம். மூவரும் வரும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மூன்று வெவ்வேறு மாடிகளில், நேரில் வர வேண்டும். வராதவரின் விற்பனை முடக்கப்படும். முகப்பில் இருந்த எழுத்தரிடம் மூவரும் நான்தான் என்றேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல மூணு பேர் இருக்காங்கம்மா, மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னால் என் கணவர், "ஒருத்திகிட்டயே வாய் கொடுத்து ஜெயிக்க முடியலை, இப்ப மூணு பேரா?" என்கிறார். அவருக்குச் சிரிப்பு. எனக்கோ வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

5. சட்டத்தை எளிமையாக்குங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதி, அடித்துவிட்டேன். எளிமையாகிவிட்டால் முன்னறையில் வேலை பார்க்கும் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொழுந்தனுக்கு இப்போதுதான் பெண் வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். ஆகவே சட்டம் தங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். என்னை மட்டும் ஓர் ஆளாக்கித் தாருங்கள். பொம்மையோ, சட்டையோ, மருந்தோ, தாங்கள் சொல்லும் வகையிலேயே தைத்துக் காலத்தை ஓட்டுகிறேன்.

6. வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாதென்றால், எந்த மாடிக்கு நான் வர வேண்டும் என்றாவது தெரிவிக்கும்படி மன்றாடிக் கேட்கிறேன். மற்ற இரண்டு மாடிகளிலும் வராமல் போகப்போகிறவள் நான்தான் ஐயா.

நாள்: 14, செவ்வாய்
இடம்: அடுப்படி

இப்படிக்கு,
(கையொப்பம் – ஒன்று மட்டும்)

இணைப்பு: 1. மூன்று பதிவு எண்கள். 2. பூனை உறை ஒன்று. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும். வாங்கியவர் இடுப்பு வலியோடு காத்திருக்கிறார்.