வெள்ளிக்கிழமை ஆயிலும் செவ்வாய்க்கிழமை ஆயிலும்

தூரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வீட்டில் இருப்பவள் எழுதுவது. நானும் மாமாவும் நன்றாக இருக்கிறோம். நம் வேன் வண்டிதான் நன்றாக இல்லை. போனில் வண்டி என்று வாயெடுத்தாலே ‘வித்துடு, வித்துடு’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் நிம்மதியாக முழுசாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விற்கச் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆறு மாத வேலை என்று போனீர்கள். அது முடிந்ததும் இன்னும் கொஞ்ச நாள் என்றீர்கள். இப்போது வண்டி வேண்டாம் என்கிறீர்கள். திரும்பி வருகிற ஆள் தன் வண்டியை எதற்கு விற்கச் சொல்ல வேண்டும்? நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. சரி, முதலில் வண்டிக்கு என்ன கேடு என்று பார்ப்போம், விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் யோசிப்போம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

முதலில் ஆயில். வாசலில் வண்டி நிற்கிற இடமெல்லாம் கறை. பக்கத்து வீட்டுக்காரி தன் செருப்பின் அடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பரிசோதிக்கிற எனக்கு இது ஒரு வேலையா என்று, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து, என்ஜின், நடு, பின் சக்கரம் என்று பேனாவால் குறித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் என்ஜினுக்குக் கீழே கறுப்பாக ஒரு குளம். நடுவில் சுத்தம். பின்னால் தேன் மாதிரி கெட்டியாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு சில சொட்டுகள். ஒரே நோயாளிக்கு இரண்டு வியாதி.

அட்டையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு மெக்கானிக்கிடம் போனேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஆயிலை அடைக்கிற ரப்பர் சீல் போய்விட்டது, என்ஜினையே இறக்க வேண்டும் என்றார். சந்துக்குள் இருக்கிற மெக்கானிக்கிடம் போனேன். அதெல்லாம் இல்லை, என்ஜினுக்கு மேலே மூடி ஒழுகுகிறது, மேலே ஒழுகினால் கீழேதானே சொட்டும் என்றார். ஒரே அட்டையைப் பார்த்து இருவரும் அடித்துச் சொன்னார்கள். என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எங்கள் டாக்டர்கள் செய்வதும் இதுதான் என்பதால் நான் கோபப்படவில்லை.

என்ஜினை அடிவரைக்கும் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஈரம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஒழுகல் என்று சந்து மெக்கானிக்கே வழி சொன்னார். நீங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் விட்டுப்போன பவுடர் டப்பாவைத்தான் எடுத்தேன். அதைத் திறந்ததும் வீடு முழுக்க நீங்கள் கிளம்புகிற வாசனை வந்தது. அதைப் பற்றி எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போய் வந்து குனிந்து பார்த்தேன். மேல் மூடியில் ஈரம். கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் ஈரம். என்ஜின் மூச்சு விடுகிற குழாயிலும் ஈரம். இரண்டு பேர் சொன்னதும் சரி, இன்னும் சொல்லாததும் சரி. எனக்குத் தலை சுற்றியது.

சந்து மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். அவரும் முதலில் விழித்தார். பிறகு ஏதோ தோன்றி, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவினார். மேல் கோட்டையும் தாண்டி எங்கேயோ நின்றது ஆயில். யார் இதில் ஆயில் ஊற்றுவது என்று கேட்டார். நான்தான், வெள்ளிக்கிழமை தோறும் அரை டப்பா என்றேன். என் பேச்சோடு பேச்சாக, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவும், நான்தான், செவ்வாய்க்கிழமை தோறும் அரை டப்பா என்றார்.

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ஜினுக்கு ஒண்ணுமில்லைங்க. ரெண்டு பேரும் அதிகமா கவனிச்சுட்டீங்க” என்றார். இருக்க இடமில்லாத ஆயில் கிடைத்த வழியில் எல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வடித்தபோது பாதி வாளி நிறைந்தது. என் டப்பா வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது, மாமாவின் டப்பா அவர் கட்டிலுக்கு அடியில். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியவில்லை.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு முதுகு வலி, குனியச் சொல்லாதே, நீ பார்த்துக்கொள், கம்பியைப் பார்த்துக் குழம்பாதே, வாரம் அரை டப்பா ஊற்று என்றீர்கள். அவரையும் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு ஆஸ்பத்திரி வேலையே தலைக்கு மேல், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதே அரை டப்பாவைச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களில் யாரை நம்பவில்லை? அல்லது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டோம் என்று அவ்வளவு நிச்சயமா? யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. நீங்கள் இங்கே இருந்தபோது மாமா என் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கினார், நான் ஏதோ சொன்னேன், அவர் ஏதோ சொன்னார், அதோடு பேச்சு நின்றது. அந்த ஏதோ என்ன என்பதே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டி அலுத்துப்போய்த்தான் அத்தனை தூரத்து வேலையை ஒத்துக்கொண்டீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும் போலிருக்கிறது.

அடுத்தது சத்தம். வேகம் எடுத்தால் பின்னாலிருந்து ‘கொர்ர்’ என்று ஒரு முனகல் வருமே, அது. பின் சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கும், நாற்றமடிக்கிற சொட்டும் அங்கிருந்துதான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், ஒருவர் ஓட்ட ஒருவர் பின்னால் படுத்துக் கேட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். நான் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன். மாமா உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தார்.

காலமெல்லாம் டெலிபோன் எக்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியிருந்த காது அல்லவா, விடுவாரா? வண்டிக்குள் பின்னால் தரையோடு காதை வைத்துப் படுத்துக்கொண்டார். கண்ணாடியில் அவர் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வலது பக்கம் ஒடிக்கச் சொன்னார், ஒடித்தேன், சத்தம் ஏறியது. இடது பக்கம் ஒடித்தால் அடங்கியது. வலது சக்கரம்தான் என்றார். வலது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது சக்கரத்தில் அல்லவா விழும், இடதுதான் என்றேன். பாலம் வரை போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. இத்தனை மாதம் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசிவிட்டோம். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். இடதுதான். மாமா தலையணையை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு, தன் காது சரியாகத்தான் கேட்டது, புத்திதான் எதிர்ப்பக்கம் போனது என்றார். பேரிங்கும் சீலும் மாற்றியதில் முனகலும் நின்றது, பின்னால் சொட்டுவதும் நின்றது.

வண்டி வாங்க நீங்கள் சொல்லி அனுப்பிய ஆள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஓட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஏதாவது சத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டால் வண்டி போய்விடும். உண்டு என்றால் உங்கள் பேச்சை மீறியது போல ஆகும். மாமாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். இருக்கிறது, எங்கே என்றுதான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். வந்தவர் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“அவனே வரட்டும்மா. வந்து அவனே வித்துக்கட்டும்” என்றார்.

மாமா பொய் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து வண்டி நகரும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு தட்டல் இன்னும் இருக்கிறது. என்ஜினிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்டின் மூட்டா, ஸ்பிரிங் பட்டையின் ரப்பர் புஷ்ஷா என்று மெக்கானிக்குக்கே நிச்சயமில்லை. ஒருவர் வண்டியை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டுமாம், ஒருவர் உள்ளே படுத்துக் கேட்க வேண்டுமாம், ஒருவர் வெளியே குனிந்தபடி கூடவே நடக்க வேண்டுமாம். அப்படி மூன்று பேர் இருந்தால்தான் தெரியும் என்கிறார். ஓட்ட நான் இருக்கிறேன், கேட்க மாமா இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் வருவாள்தான். நானும் கூப்பிடவில்லை, மாமாவும் கூப்பிடவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பவுடரை முழுக்க என்ஜினில் கொட்டிவிட்டேன். புது டப்பா வாங்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை ஆயில் ஊற்றியவள்.
(செவ்வாய்க்கிழமை ஊற்றியவரும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.)